நீச்சல் வீரர்களுக்குத் தோள் நீட்சிப் பயிற்சி நன்மையா, தீங்கா?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, ஈரம் உலராத தலைமுடியுடன், வலத் தோளை இடக் கையால் பற்றியபடி அமர்ந்திருக்கும். உடன் வந்த தந்தை நடந்ததை விவரிப்பார். "நீச்சல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். தோள் இறுக்கமாக இருக்கிறது என்றாள். அதனால் தினமும் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பு அவளுடைய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து நானே இழுத்துவிடுகிறேன். அப்போதைக்குச் சுகமாக இருக்கிறது என்கிறாள். ஆனால் வலி கூடிக்கொண்டே போகிறது, டாக்டர்."

பரிசோதித்துப் பார்க்கும்போது, இத்தகைய பிள்ளைகள் பலரின் தோள் மூட்டில் இறுக்கம் காணப்படுவதில்லை. அது தேவைக்கு மேல் தளர்ந்திருக்கிறது. இதைக் கூறியதும் தந்தையின் முகம் வாடிவிடும். "அப்படியென்றால் நான்தான் கெடுத்துவிட்டேனா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நாங்கள் அளிக்கும் விடையைச் சற்று விரிவாக இங்கே தருகிறோம்.

விடையின் சுருக்கம் இதுதான்: நீட்சிப் பயிற்சி என்பது ஒரு மருந்தைப் போன்றது. இறுகிய தசைக்கு அளவோடு கொடுத்தால் நன்மை தரும். ஏற்கெனவே தளர்ந்துள்ள மூட்டுக்குக் கொடுத்தால் தீங்கு செய்யும். ஆகவே, நீட்டத் தொடங்குவதற்கு முன்பு எது இறுகியிருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

தோள் மூட்டு எவ்வாறு அமைந்துள்ளது?

இடுப்பு மூட்டையும் தோள் மூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் செய்தி எளிதில் விளங்கும். இடுப்பில் தொடை எலும்பின் தலை, உரலுக்குள் இறங்கிய குழவியைப் போல ஆழமான குழிக்குள் அமர்ந்திருக்கிறது. தோளில் அத்தகைய ஆழமான குழி இல்லை. சிறு தட்டின் மேல் வைத்த பெரிய எலுமிச்சம்பழத்தைப் போல, மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஓர் ஆழமற்ற குழியை ஒட்டி நிற்கிறது. எந்த நேரத்திலும் அந்தத் தலையின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிவது இந்த அமைப்பால்தான். எளிதில் நிலை தவறக்கூடிய மூட்டாகத் தோள் இருப்பதும் இதே அமைப்பால்தான்.

இந்த உருண்டையை நழுவாமல் காப்பவை இரண்டு. ஒன்று, மூட்டைச் சுற்றியுள்ள உறையும் அதனோடு இணைந்த பிணைநார்களும். இவை தாமாகச் சுருங்கி விரிய மாட்டா. மற்றொன்று, 'ரொட்டேட்டர் கஃப்' என்று மருத்துவர்கள் அழைக்கும் நான்கு தசைகளின் தொகுதி. கை அசையும் ஒவ்வொரு கணமும் உருண்டையைக் குழியின் நடுவில் பிடித்துவைப்பது இவற்றின் பணி. தோள்பட்டை எலும்பை முதுகின் மேல் சரியான இடத்தில் நிறுத்தும் தசைகள் இவற்றுக்குத் துணை நிற்கின்றன.

தசையை நீட்டினால் அது பின்னர் தன் நிலைக்குத் திரும்பிவிடும். மூட்டுறை அப்படிப்பட்டது அன்று. கயிற்றுக் கட்டிலின் கயிறு நாளடைவில் தொய்ந்து போனால் அதை அவிழ்த்து மீண்டும் இழுத்துக் கட்டிவிடலாம். மூட்டுறை மீண்டும் மீண்டும் இழுக்கப்பட்டுத் தொய்ந்துவிட்டால் அதை வீட்டில் இழுத்துக் கட்ட வழியில்லை. அதன் வேலையையும் சேர்த்துத் தசைகளே சுமக்க வேண்டியிருக்கும்.

நீச்சலில் தோள் படும் உழைப்பு

ஓட்டத்தில் கால்கள் உடலைத் தாங்குகின்றன. ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக் ஆகிய நீச்சல்களில் உடலை முன்னே செலுத்தும் விசையின் பெரும்பங்கு கைகளிலிருந்து வருகிறது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 25 மீட்டர் நீளமுள்ள குளத்தை ஒருமுறை கடக்க ஒவ்வொரு கையும் சுமார் 9 முறை சுழல்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 4,000 மீட்டர் நீந்தும் மாணவி 160 முறை குளத்தைக் கடக்கிறாள். அப்படியானால் ஒவ்வொரு தோளும் நாளொன்றுக்கு 1,440 முறை சுழல்கிறது. வாரத்தில் 6 நாள் பயிற்சி என்றால் அது 8,640 சுழற்சி. தேசிய அளவிலும் உலக அளவிலும் போட்டியிடுவோர் இதைப் போலப் பல மடங்கு தூரம் நீந்துகின்றனர்.

இந்தச் சுழற்சியில் கையைக் கீழ்நோக்கி இழுத்து உட்புறமாகத் திருப்பும் மார்புத் தசைகளும் முதுகின் அகன்ற தசையும் நாளுக்கு நாள் வலுப்பெறுகின்றன. கையை வெளிப்புறமாகத் திருப்பும் சிறு தசைகள் அதே வேகத்தில் வலுப்பெறுவதில்லை. விலாப்புறத்திலிருந்து தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் ரம்பப்பல் வடிவத் தசை, கை சுழலும் நேரம் முழுவதும் ஓய்வின்றி உழைப்பதால் விரைவில் களைத்துப்போகிறது. அது களைத்ததும் தோள்பட்டை எலும்பு சற்றே முன்னே சரிகிறது. கை தலைக்கு மேல் உயரும்போது, எலும்பின் கூரைக்கும் உருண்டைக்கும் இடையே செல்லும் தசைநாண் நெருக்கப்படுகிறது. இந்த வலிக்கு 'நீச்சல் வீரர் தோள்' என்று பெயர். 1974 ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த கென்னடி, ஹாக்கின்ஸ் ஆகிய எலும்பியல் மருத்துவர்கள் இப்பெயரில் அதை விவரித்து எழுதினார்கள்.

தளர்ந்த தோள் இறுக்கமாகத் தோன்றுவது ஏன்?

இங்கேதான் பெற்றோரும் சில வேளைகளில் பயிற்சியாளரும் ஏமாந்துவிடுகின்றனர். பிள்ளை இறுக்கமாக இருக்கிறது என்று கூறுவது பொய்யன்று. அந்த உணர்வு உண்மையானது. ஆனால் அதன் காரணம் வேறு.

மூட்டுறை தளர்ந்திருக்கும்போது உருண்டையைப் பிடித்துவைக்கும் முழுப் பொறுப்பும் சிறு தசைகளின் மேல் விழுகிறது. அவை இடைவிடாமல் இறுகி நின்று காவல் காக்கின்றன. அந்தக் களைப்பும் காவல் இறுக்கமுமே பிள்ளைக்கு இறுக்கமாகத் தோன்றுகின்றன. அப்போது கையை இழுத்துவிட்டால் தசை சற்று நேரம் தன் காவலைக் கைவிடும், சுகமாகவும் இருக்கும். ஆனால் அந்த இழுப்பில் மூட்டின் முன்புற உறை மேலும் ஒரு நூல் தளர்கிறது. மறுநாள் தசைகள் இன்னும் கடுமையாகக் காவல் நிற்க வேண்டும். இறுக்க உணர்வு கூடுகிறது. மீண்டும் இழுக்கத் தோன்றுகிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுவதைப் போன்ற சுழல் இது.

சில பிள்ளைகள் பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்தவர்களாக இருப்பார்கள். இதை அறிய நாங்கள் பெய்ட்டன் மதிப்பெண் என்னும் எளிய சோதனையைச் செய்கிறோம். சுண்டுவிரலைப் பின்னோக்கி 90 பாகைக்கு மேல் வளைக்க முடிகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டிப் பின்னே வளைகின்றனவா, முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிக்க முடிகிறதா என்று பார்ப்போம். இரு பக்கமும் சேர்த்து மொத்தம் 9 மதிப்பெண்கள். மதிப்பெண் கூடுதலாக உள்ள பிள்ளைகளுக்கு, "உடல் வில்லாக வளைகிறது" என்ற பாராட்டு கிடைக்கும். அவர்களுடைய தோளை நீட்டுவதில்தான் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

2012 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 74 போட்டி நீச்சல் வீரர்கள் 12 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, முழங்கையை மடக்கி, முன்கையைப் பின்னோக்கிச் சுழற்றும்போது அது எத்தனை பாகை செல்கிறது என்று முதலில் அளந்தார்கள். அது 93 பாகைக்கும் குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் தோள் காயம் ஏற்படும் அபாயம் கூடியிருந்தது. 100 பாகையும் அதற்கு மேலும் சென்றவர்களுக்கும் அவ்வாறே கூடியிருந்தது. அதாவது, இறுகிய தோளும் ஆபத்து. மிகத் தளர்ந்த தோளும் ஆபத்து. இடைப்பட்ட தோளே பாதுகாப்பானது. 'நீட்டினால் நல்லதா?' என்று பொதுவாகக் கேட்டால் ஒரே விடை கிடைக்காததற்கு இதுவே காரணம்.

2010 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் 13 முதல் 25 வயது வரையுள்ள 80 முன்னணி நீச்சல் வீரர்கள் பங்கேற்றனர். அவர்களில் 91 விழுக்காட்டினர் தோள் வலியைக் குறிப்பிட்டனர். எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டவர்களில் 69 விழுக்காட்டினருக்குத் தோளின் மேற்புறத் தசைநாணில் பாதிப்பு காணப்பட்டது. அந்தப் பாதிப்போடு நெருங்கிய தொடர்புடையதாக வெளிப்பட்டது நீந்திய நேரமும் தூரமுமே. மூட்டுத் தளர்ச்சி அன்று. வாரத்துக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களுக்குப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. தோள் வலிக்கும் பிள்ளையின் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய சுமையால் வந்த வலியை எந்த நீட்சிப் பயிற்சியாலும் இழுத்து விரட்ட முடியாது.

உடற்பயிற்சிக்கு முன்பு நீட்டினால் காயம் வராது என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் 1,538 இராணுவப் பயிற்சி வீரர்களிடம் இது சோதிக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. 12 வாரப் பயிற்சியில், முன்கூட்டியே கால் தசைகளை நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காயங்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அது கால்களைப் பற்றிய ஆய்வு என்றாலும், நீட்டினாலே பாதுகாப்பு என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது. மேலும், ஒரு தசையை 60 விநாடிகளுக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்தால் அதன் வலிமை சற்று நேரம் குறைகிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. உருண்டையைக் காக்கும் தசைகளின் வலிமையைக் குறைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவது அறிவுடைமை ஆகாது.

மறுபுறமும் சான்று உண்டு. 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், போட்டி நீச்சல் வீரர்கள் 6 வாரங்கள் மார்புத் தசைகளை நீட்டியும் தோளின் பின்புறத் தசைகளை வலுப்படுத்தியும் பயிற்சி செய்தனர். அவர்களுடைய முன்னே சரிந்த தோள்கள் ஓரளவு பின்னே வந்தன. அங்கே நீட்டப்பட்டது இறுகிய தசை; நீட்சியோடு வலுவூட்டலும் சேர்ந்திருந்தது. இவ்விரண்டையும் கவனிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

முதலாவதாக, பிறர் இழுத்துவிடும் நீட்சி. கைகளைப் பின்னால் சேர்த்துத் தந்தையோ தோழனோ இழுக்கும்போது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது இழுப்பவருக்குத் தெரியாது. அந்த இழுப்பின் பெரும்பகுதி மூட்டின் முன்புற உறையின் மேலேயே விழுகிறது. இதை முற்றிலும் கைவிட வேண்டும்.

இரண்டாவதாக, கதவு நிலையில் முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்து உடலை முன்னே தள்ளும் நீட்சி. தளர்ந்த தோளுக்கு இதுவும் அதே தீங்கைச் செய்யும்.

மூன்றாவதாக, குலுக்கிக் குலுக்கி நீட்டுவதும், வலியைப் பொறுத்துக்கொண்டு நீட்டுவதும்.

செய்யத்தக்கவை

மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ இறுக்கம் இருப்பதாக உறுதிசெய்த தசைகளை மட்டும் நீட்டலாம். நீச்சல் வீரர்களிடம் பொதுவாக இறுகுபவை மார்பின் சிறு தசை, முதுகின் அகன்ற தசை, தோளின் பின்புறம் ஆகியவை.

மார்புக்கு: ஒரு துண்டைச் சுருட்டித் தரையில் நீளவாக்கில் வைத்து, முதுகெலும்பு அதன் மேல் படும்படி மல்லாந்து படுக்க வேண்டும். கைகள் இரு பக்கமும் தாமாகத் தளர்ந்து விழட்டும். யாரும் அவற்றை அழுத்த வேண்டியதில்லை.

முதுகின் அகன்ற தசைக்கு: வஜ்ராசனத்தில் அமர்ந்து முன்னே குனிந்து, கைகளைத் தரையில் நீட்டி, இடுப்பைக் குதிகாலை நோக்கி மெல்லப் பின்னே கொண்டுசெல்ல வேண்டும்.

தோளின் பின்புறத்துக்கு: தோள்பட்டை எலும்பு அசையாதபடி சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கையை மார்பின் குறுக்கே மறு கையால் மெல்ல அணைக்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் 30 விநாடிகள், 2 அல்லது 3 முறை செய்தால் போதும். நீந்தி முடித்து உடல் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்வது நல்லது.

பிள்ளை நீட்டும்போது "எங்கே இழுக்கிறது?" என்று கேளுங்கள். தசையின் நடுப்பகுதியைக் காட்டினால் தொடரலாம். தோளின் முன்புறத்தையோ உச்சியையோ ஒரு விரலால் தொட்டுக் காட்டினால் அப்போதே நிறுத்திவிடுங்கள். கை மரத்தாலும் விரல்கள் கூசினாலும் நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி பல தோள்களைக் காப்பாற்றும்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்பு

நீந்துவதற்கு முன்பு உடலுக்குத் தேவைப்படுவது வெதுவெதுப்பு. 5 முதல் 10 நிமிடம் மெல்ல ஓடுதல் அல்லது குதித்தல், கைகளை முன்னும் பின்னும் நிதானமாகச் சுழற்றுதல், தோள்பட்டைகளை உயர்த்தித் தாழ்த்துதல், இடுப்பிலிருந்து உடலை இருபுறமும் திருப்புதல் ஆகியவை போதும். பிறகு தண்ணீரில் சில நூறு மீட்டர் வேகமின்றி நீந்தினால் தோள் பணிக்கு ஆயத்தமாகிவிடும்.

நீட்டுவதற்குச் செலவிட்ட நேரத்தை வலுவூட்டலுக்குக் கொடுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுத்தல். பட்டையை மார்பை நோக்கி இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னே சேர்த்தல். சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுத்து, முடிவில் தோள்பட்டைகளை இன்னும் சற்று முன்னே தள்ளுதல். இம்மூன்றையும் வாரத்துக்கு 3 நாள் செய்தால், தளர்ந்த மூட்டுக்குத் தசைகளே நல்ல காவலாக அமையும். எடை கூடிய பட்டையைவிடச் சரியான முறையே முக்கியம்.

வலி வந்துவிட்டால்

"வலி இல்லாமல் பதக்கம் இல்லை" என்று பிள்ளைகளிடம் கூறாதீர்கள். தசை உழைத்த அசதி ஓரிரு நாளில் தணிந்துவிடும். மூட்டு வலி அப்படித் தணியாது. வலி தொடங்கியவுடன் நீந்தும் தூரத்தைக் குறைக்க வேண்டும். கையில் அணியும் பேடில்களை ஒதுக்கிவிட வேண்டும். கிக்போர்டைக் கைகளை நீட்டிப் பிடிப்பதும் தோளை நெருக்கும். அதற்குப் பதிலாகக் கைகளை உடலோடு ஒட்டி வைத்து மல்லாந்து கால்களை மட்டும் உதைத்துப் பயிற்சியைத் தொடரலாம். கை தண்ணீருக்குள் நுழையும் கோணமும் உடல் உருளும் அளவும் சரியாக உள்ளனவா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்வருவனவற்றில் ஏதேனும் இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் வாருங்கள்: இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, ஓய்வு கொடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, தோள் நழுவுவது அல்லது கழன்றுவிடுவது போன்ற உணர்வு, கை மரத்தல், கையைத் தூக்க முடியாத பலவீனம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. இக்கட்டுரையைப் படிக்கும் தாத்தா பாட்டிகள், தங்களுக்குக் கூறப்பட்ட தோள் நீட்சிப் பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. 40 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் வரும் 'உறைந்த தோள்' நோயில் மூட்டுறை சுருங்கித் தடித்துவிடுகிறது. அங்கே மென்மையான நீட்சி சிகிச்சையின் ஒரு பகுதி. ஒரே பயிற்சி பேத்திக்குத் தீங்காகவும் பாட்டிக்கு மருந்தாகவும் இருக்கலாம்.

தந்தையின் கேள்விக்கு வருவோம். "நான்தான் கெடுத்துவிட்டேனா?" என்று கேட்கும் பெற்றோரிடம் நாங்கள் கூறுவது இதுதான்: வலிக்கு ஒரே காரணம் நீங்கள் அல்லர். நீந்திய தூரம், களைத்த தசைகள், பிறவியில் அமைந்த மூட்டு ஆகிய அனைத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அந்த இழுப்பை இன்றோடு நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. இவ்வயதில் கண்டறிந்தால், சுமையைக் குறைத்து, தசைகளை முறையாக வலுப்படுத்துவதன் மூலம் பெரும்பாலான பிள்ளைகள் அறுவை சிகிச்சை இன்றியே நீச்சலுக்குத் திரும்புகின்றனர். விடியற்காலையில் எழுந்து பிள்ளையைக் குளத்துக்கு அழைத்துச் செல்லும் அக்கறை அப்படியே இருக்கட்டும். கையைப் பிடித்து இழுத்த அந்த ஐந்து நிமிடம், இனி ரப்பர் பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்லும் ஐந்து நிமிடமாக மாறட்டும்.